நம் மலையில் எடுத்த இருண்ட சித்திரம்

விழா மலர் என்றால் வாழ்த்துச் செய்திகளும், மறைந்த ஆசான்களைப் பற்றிய நினைவுகளும், துடுப்பாட்டக் குழுவினரின் நிழற்படங்களும் நிறைந்திருத்தல் வழக்கம். அவற்றினிடையே ஒரு மேனாட்டுச் சினிமாப் படத்தைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பைத் தரலாம். வேறு சிலருக்குச் சினத்தையும் தரலாம். சினம் வரும் என்பதை நாம் முன்னரே அறிவோம். கண்டிப் பகுதியில் வாழும் நம் பழைய மாணவர் சிலர் அண்மையில் கட்டுகஸ்தோட்டையில் ஓர் இல்லத்தில் கூடி, இன்றைய மாணவர்க்கு மாதமொரு நல்ல படத்தைக் காட்டி, அதைப்பற்றி அவர்களையே பேச வைக்கலாம் என ஆலோசித்தனர். ஒவ்வொருவரும் ஒரு படத்தின் பெயரைச் சொல்லிவர, நம் முறை வந்ததும் நாம் சொன்ன பெயர் அவையைக் கலக்கிவிட்டது. காளியன்னையை இழிவுபடுத்திய படத்தை இந்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதா என்று மூத்த அன்பர் ஒருவர் எழுந்தே விட்டார். அவருடைய சினத்தில் நியாயம் இருந்தது. அன்று நாம் தக்கவாறு விடை கூறவில்லை. தேநீர் ஆறுமுன் சொல்லி முடிக்கத்தக்க விடையன்று அது. ஆகவே மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அந்த விடையையே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டோம்.

நாம் குறித்த படம் ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’ என்பது. 1984 மே மாதத்தில் வெளிவந்தது. ஜோர்ஜ் லூக்காஸ் கதையமைக்க, ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் நெறியாள்கை செய்த வீரசாகசத் தொடரில் இஃது இரண்டாவது. முதற்படம் 1981இலும், மூன்றாவது 1989இலும், நான்காவது 2008இலும், ஐந்தாவது 2023இலும் வந்தன. சவுக்கும் தொப்பியுமாகத் திரியும் தொல்பொருள் ஆராய்ச்சியாளன் ஒருவன், மந்திர ஆற்றல் பொருந்திய பழம்பொருள்களைத் தேடி உலகெங்கும் அலைகின்ற கற்பனைக் கதைகள் இவை. நம் பாட்டிமார் சொன்ன விக்கிரமாதித்தன் கதையின் இனத்தைச் சேர்ந்தவை என்று கொள்ளலாம்.

இப்படத்தில் நமக்கு ஒரு பிறப்புரிமை உண்டு. கதை 1935ஆம் ஆண்டில் வட இந்தியாவில் நிகழ்வது. இராசத்தானத்தில் படமெடுக்கவே அவர்கள் விரும்பினர். இந்திய அரசாங்கம் திரைக்கதையைப் பார்த்தது. இது நம்மை இழிவுசெய்கிறது, திருத்தினாலன்றி இடந்தர மாட்டோம் என்றது. திருத்த மனமில்லாத படக்குழு இலங்கைக்கு வந்து சேர்ந்தது. 1983 ஏப்பிரல் 18ஆம் திகதி கண்டியில் படப்பிடிப்புத் தொடங்கியது. ஹந்தானைத் தேயிலைச் சரிவில் ஓர் இந்தியக் கிராமத்தைக் கட்டினார்கள். மகாவலியின் குறுக்கே விக்டோரியா அணையைக் கட்டிக்கொண்டிருந்த பிரித்தானியப் பொறியியலாளரின் உதவியோடு, அவ்விடத்துக்கு அண்மையில் ஒரு பள்ளத்தாக்கின்மேல் கயிற்றுப் பாலமொன்றைத் தொங்கவிட்டார்கள். படத்தின் உச்சக்கட்டப் போர் அந்தப் பாலத்தின்மேல் நடக்கிறது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின்கீழ் நாம் நாள்தோறும் காணும் இதே ஆற்று நீர்தான் பொல்கொல்லையைக் கடந்து அப்பக்கம் செல்கிறது. (கதாநாயகனாக நடித்த ஹரிசன் போட் யானைச் சவாரியால் முதுகு நொந்து, பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று வைத்தியம் செய்துகொள்ள நேர்ந்தது. கட்டுகஸ்தோட்டைத் துறையில் யானைகள் நீராடுவதைப் பார்த்து வளர்ந்த எமக்கு இச்செய்தியைப் படித்தபோது சிறிது நகைப்பு வந்ததை மறைப்பானேன்!)

நம் மண் வேறொரு நாடாக வேடம் புனைந்தது இதுவே முதற்றடவையன்று. கித்துல்கலையில் களனி கங்கை சீயத்து ஆறாக நடித்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ 1957இல் உலகப் புகழ் பெற்றது. நம் மலைகள் பிறநாட்டு மலைகளாகத் தோன்றிப் பரிசு வாங்குகின்றன. நம் மலைகளாகவே அவை திரையில் தோன்றிய படங்களை எண்ண ஒரு கைவிரல்கள் போதும். இது வேறு கதை. விடயத்துக்கு வருவோம்.

முதற்படம் வெயிலும் வேகமும் நகைச்சுவையும் நிறைந்தது. அதைக் கண்டு மகிழ்ந்தவர்கள் இரண்டாவதும் அவ்வாறே இருக்குமென எண்ணிப் பிள்ளைகளோடு சென்றார்கள். அங்கே கண்டது நரபலியும், நிலவறையும், சங்கிலியிட்ட சிறுவர்களும். பெற்றோர் முறையிட்டனர். அம்முறையீடுகளின் பயனாக அதே ஆண்டு யூலை முதலாந் திகதி அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் பெற்றோரை எச்சரிக்கும் புதிய தரச்சான்றே ஏற்படுத்தப்பட்டது. படத்தைச் செய்தவரே பின்னாளில் அதைக் கைவிட்டார். மூன்றாம் படம் வெளிவந்த காலத்தில், இரண்டாவது மிகவும் இருண்டுபோயிற்று, அதில் தமக்கு நிறைவில்லை என்று ஸ்பீல்பேர்க் வெளிப்படையாகவே சொன்னார். லூக்காஸோ அந்நாளில் தமது மணவாழ்வு முறிந்திருந்ததைக் காரணங் காட்டினார். தந்தையரே தள்ளிவைத்த பிள்ளை இது. அப்பிள்ளைக்காக நாம் பரிந்து பேச வருகிறோம். முழுப் பிள்ளைக்காகவும் அன்று. அதன் ஒரு பகுதிக்காகவே பேசுகிறோம். எந்தப் பகுதி என்பதே எம் கட்டுரையின் பொருள்.

படத்தை நாம் முதன்முதலில் கண்ட சூழலைச் சொல்லாமல் எம் கருத்தைச் சொல்லல் நேர்மையாகாது. படக்குழு கண்டியை விட்டுப் புறப்பட்டுச் சில கிழமைகளே சென்றிருக்கும். 1983 யூலை மாதக் கடைசி வாரத்தில் கொழும்பில் மூண்ட தீ கண்டியையும் பற்றியது. தமிழர் கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன. அந்நாள்களைப் பற்றி எழுதியவர் பலர் உளர்; நாம் இங்கே விரிக்கப் போவதில்லை. ஈராண்டளவு சென்றபின், அதாவது 1985ஆம் ஆண்டளவில், அண்டை வீட்டுச் சிங்கள நண்பர் ஒருவர் இப்படத்தின் வீடியோ நாடாவை எங்கிருந்தோ பெற்று, நம் ஊரில் எடுத்தது என்று சொல்லி எம்மையும் அழைத்தார். அந்நாளில் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதே ஓர் எண்ணத்தோடு செய்யவேண்டிய செயலாக இருந்தது. நாம் போனோம். மின்குமிழை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

படம் சங்காய் நகரத்து இரவு விடுதியில் பாட்டும் கூத்துமாகத் தொடங்குகிறது. துப்பாக்கிச் சூடு, மோட்டார் வண்டித் துரத்தல், விமானி குதித்துவிட்ட விமானம், பனிமலைமேல் காற்றடைத்த ஓடத்தில் வீழ்ச்சி, பின் வெள்ளத்தில் மிதப்பு என்று மூச்சுவிட இடமின்றி ஓடுகிறது. நாம் சலித்துப்போனோம் என்பதே உண்மை. பின்பு ஓடம் ஓர் அமைதியான கரையை அடைகிறது. கரையிலே ஒரு முதியவர் நிற்கிறார். அவரைக் கண்டதும் அண்டை வீட்டு நண்பர் உவகையோடு கூவினார்: “இவர் எங்கள் நாணயக்கார அல்லவா!”

ஆம், அவர் டி. ஆர். நாணயக்கார. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் செய்த ‘ரேகாவ’ முதலாகச் சிங்களத் திரையில் அறியப்பட்ட நடிகர். அந்தப் பழைய படத்திலும் ஒரு கிராமமும் ஒரு சிறுவனும் மழை பொய்த்த காலமும் வருகின்றன என்பது தற்செயலாக அமைந்த பொருத்தம். ஸ்பீல்பேர்க்கின் படத்தில் அவர் மாயாப்பூர் என்னும் ஊரின் பூசகர். ஊருக்குள் அவர் முன்னே நடக்க, வந்தவர்கள் பின்னே செல்கின்றனர். மண் வெடித்துக் கிடக்கிறது. மரங்களில் இலையில்லை. எலும்புந் தோலுமான பெண்கள் வந்தவர்களின் கைகளையும் ஆடையையும் தொட்டுத் தொட்டு அழுகிறார்கள். இந்தியக் கிராமத்தார் என்று காட்டப்படும் அவர்கள் பேசுவது சிங்களம். நண்பர் எமக்கு அதைத் தமிழில் பெயர்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். சிறிது நேரத்தில் பெயர்ப்பதை அவராகவே நிறுத்திக்கொண்டார். அழுகைக்குப் பெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் படம் மெல்ல நடக்கத் தொடங்குகிறது. முதியவர் தீயின் அருகே அமர்ந்து ஊருக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். ஊரைக் காத்த சிவலிங்கக் கல்லை அரண்மனையார் கவர்ந்து சென்றனர்; பின் கிணறு வற்றியது; ஆறு மணலானது; பயிர் அழிந்தது; கால்நடை மாண்டது. ஓரிரவு வயலில் தீப்பற்ற ஆடவர் அனைவரும் அணைக்க ஓடினர். திரும்பி வந்தபோது ஊரிலே பெண்கள் கதறிக்கொண்டிருந்தனர். பிள்ளைகள் இல்லை. இவ்வளவையும் அவர் ஒவ்வொரு சொல்லாக, இடையிடையே நெடுநேரம் நின்று நின்று சொல்கிறார். அந்த இடைவெளிகளில் தீ எரியும் ஒலி கேட்கிறது. கேட்பவரின் முகங்கள் தெரிகின்றன.

இந்த நிறுத்தங்களுக்குக் காரணம் என்னவென்று பின்னர் படித்தறிந்தபோது வியந்தோம். நாணயக்காரவுக்கு ஆங்கிலம் தெரியாது. காமராவுக்குப் பின்னிருந்து ஸ்பீல்பேர்க் ஒவ்வொரு தொடராகச் சொல்லிக்கொடுக்க, அவர் கேட்டு, ஒலியை மனத்தில் வாங்கி, அவ்வாறே சொன்னார் என்றும், அடுத்த தொடருக்காகக் காத்திருந்த நேரமே நிறுத்தமாக அமைந்தது என்றும் படப்பிடிப்பைப் பற்றி எழுதியவர்கள் குறித்துள்ளனர். உலகிலேயே வேகமாகப் படமெடுக்கவல்ல ஒருவரை ஓர் இலங்கைக் கிழவரின் காத்திருப்பு மெல்ல நடக்க வைத்துவிட்டது! அந்நிறுத்தங்களை வெட்டியெறிந்து காட்சியை விரைவுபடுத்தியிருக்கலாம். வெட்டவில்லை. அதற்காகவே ஸ்பீல்பேர்க்குக்கு நாம் நன்றி சொல்லுதல் தகும்.

பின்பு ஒரு சிறு காட்சி. வந்தவர்களுக்கு இலையில் உணவு பரிமாறுகிறார்கள். அதன் தோற்றமே அருவருப்பைத் தர, உடன்வந்த பாடகி தொட மறுக்கிறாள். கதாநாயகன் அவளை அதட்டுகிறான்: இவர்கள் தாம் ஒரு கிழமையில் உண்பதைவிட மிகுதியாக உனக்குத் தந்திருக்கிறார்கள், தாம் பட்டினி கிடக்கிறார்கள் என்பது அவன் பேச்சின் கருத்து. அவள் உண்கிறாள். விருந்தினரை உண்ணச் செய்து தான் பசித்திருப்பது எவ்வகை மனம் என்பதை நம் இலக்கியங்கள் எத்தனையோ வகையாகச் சொல்லியுள்ளன. அரைநிமிடக் காட்சியில், ஒரு விளையாட்டுப் படத்தில், அதையே மேனாட்டார் ஒருவர் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

இனி மற்றொரு விருந்துக்கு வருவோம். கதாநாயகனும் உடன்வந்தோரும் பாங்கொட் அரண்மனையை அடைகின்றனர். அங்கே இளம் மகாராசா பெருவிருந்து வைக்கிறான். பாம்பின் வயிற்றைக் கீறினால் உயிருள்ள குட்டிகள், பொரித்த வண்டுகள், கண்கள் மிதக்கும் ரசம், கடைசியில் குரங்கின் தலையில் குளிரவைத்த மூளை. பட்டு உடுத்தவர்களும் நகையணிந்தவர்களும் அதைச் சுவைத்து ஏப்பமிடுகின்றனர். நம் மூத்த அன்பர் கொதித்தது இதற்காகவும், இதனையடுத்து நிலவறையில் காளி சிலையின்முன் மனிதனின் நெஞ்சைப் பிளந்து இதயத்தைப் பிடுங்கும் காட்சிக்காகவும். நாமும் அவருடன் சேர்ந்தே கொதிக்கிறோம். எந்த இந்து அரண்மனையிலும் எந்தக் காலத்திலும் அப்படியொரு பந்தி நடந்ததில்லை. எந்தக் காளி கோயிலிலும் இதயம் பிடுங்கும் பூசை கிடையாது. அது மெக்சிக்கோவின் பழங்குடியரைப் பற்றிய கதைகளிலிருந்து கடன் வாங்கி அன்னையின் தலையில் சுமத்தியது. 1830களில் ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி தக்கர் எனப்பட்ட வழிப்பறிக்காரரை அடக்கிய கதையை வெள்ளையர் ஊதிப் பெருக்கினர். 1939இல் ‘கங்கா டின்’ என்ற ஹொலிவூட் படம் அதைத் திரைக்குக் கொணர்ந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் மீண்டும் அதையே எடுத்தார்கள். முன்னேசுவரத்துக்கு அண்மையிலுள்ள பத்திரகாளியம்மன் ஆலயத்தில் தமிழரும் சிங்களவரும் தம் துயரத்தையெல்லாம் சொல்லி அழுவதைக் கண்ட எவரும் அந்தத் திரைக் காளியை ஏற்கமாட்டார். இந்தியாவில் இப்படம் சிலகாலம் தடைசெய்யப்பட்டிருந்தது. தடைசெய்தவர்களை நாம் குறைகூறோம்.

ஆயினும் ஒன்றை நோக்குக. அந்த அரண்மனைப் பந்தியும் அந்தக் காளி நிலவறையும் எங்கே எடுக்கப்பட்டன? இலண்டனுக்கு அண்மையில் எல்ஸ்ட்ரீ என்னுமிடத்திலுள்ள கலைக்கூடத்தில், பலகையும் சாந்தும் கொண்டு கட்டிய அரங்குகளில். கிராமமோ ஹந்தானைச் சரிவில், நம் மண்ணில், நம் அயலவரின் முகங்களோடு எடுக்கப்பட்டது. பொய்யெல்லாம் அங்கே பிறந்தது. மெய் இங்கே வந்தபோது தானாகப் படத்துள் நுழைந்துவிட்டது. இது முழுவதும் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆனால் ஒரே படத்தில் ஒரே மனிதர் வைத்த இரண்டு பந்திகளில், மண்ணில் வைத்த பந்தி மனிதத்தன்மையோடும், பலகை அரங்கில் வைத்த பந்தி ஏளனத்தோடும் அமைந்திருப்பதை நாம் எப்படிக் காணாதிருப்பது? பிள்ளைகளுக்கு இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால், இழிவுபடுத்துவது எப்படி நடக்கிறது என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே காண்பார்கள். ஆசிரியர் நீண்ட விரிவுரை செய்யவேண்டியதில்லை. நாம் அப்பட்டியலில் இப்படத்தைச் சேர்த்ததன் முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் இருட்டு. இருண்ட படம் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது ஒரு கட்சி. நம் கதைமரபு அவ்வாறு கருதியதில்லை. கல்முனைக்கு அண்மையில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் பதினெட்டு நாள் விழாவில் கல்யாணமும் உண்டு. வனவாசமும் தவமும் உண்டு. வனவாச நாளன்று பிள்ளைகள் வீட்டில் இருப்பதில்லை. அவர்களும் கூடவே போகிறார்கள். நம் தோட்டப்புறங்களில் ஆடும் அருச்சுனன் தபசில் தபசு மரம் ஏறுகிறவர் ஒரே மூச்சில் ஏறிவிடுவதில்லை. நின்று நின்று பாடி ஏறுகிறார். கீழே குளிரில் கம்பளி போர்த்திய சனம் விடியும்வரை காத்திருக்கிறது. விரைந்து ஏறினால் அது தவமாகுமா? தொடர்கதையில் ஓர் இடத்தில் வீரன் தோற்கவேண்டும், தன்னை இழக்கவேண்டும், கதையும் அங்கே மெல்ல நடக்கவேண்டும் என்பதை அந்தக் கூத்தர் அறிந்திருந்தனர். லூக்காஸும் அதை அறிந்தவரே. 1980இல் வந்த அவருடைய நட்சத்திரப் போர்த் தொடரின் இரண்டாம் படம் தோல்வியிலே முடிவது. அன்று முகஞ்சுளித்தவர் பலர். இன்றோ அத்தொடரில் அதையே சிறந்ததென்று பலரும் கொண்டாடுகின்றனர். அம்முறையையே இங்கும் கைக்கொண்டார்.

‘டெம்பிள் ஒஃப் டூம்’ படத்தில் வீரன் தன்னை இழக்கும் இடம் கொடியது. மோலா ராம் என்னும் பூசாரி (அம்ரிஷ் பூரி நடித்தது, தீமைக்கு ஒரு கம்பீரம் உண்டென்று காட்டிய நடிப்பு) கட்டாயமாகப் பருகக் கொடுக்கும் இரத்தத்தால் கதாநாயகன் அறிவு மயங்கி அக்கூட்டத்தில் ஒருவனாகிறான். தன்னை நம்பிவந்த சிறுவனையே கன்னத்தில் அறைகிறான். அச்சிறுவன் தீப்பந்தத்தால் சுட்டு அவனை விழிக்கச் செய்கிறான். பெரியவனைச் சிறியவன் மீட்கும் அந்தக் காட்சி இத்தொடரின் வேறெந்தப் படத்திலும் இல்லை. (சிறுவனாக நடித்த கீ ஹுய் குவான் வியட்நாமிலிருந்து அகதியாக அமெரிக்கா சென்ற குடும்பத்தின் பிள்ளை. நெடுங்காலம் திரையிலிருந்து மறைந்திருந்த அவர் 2023இல் வேறொரு படத்துக்காக ஒஸ்கார் பரிசு பெற்றார்.) விழித்த வீரன் தேடிவந்த கல்லை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டிருக்கலாம். அவன் புகழுக்கும் செல்வத்துக்குமாகவே புறப்பட்டவன். ஆனால் சுரங்கத்தில் சங்கிலியோடு கல்லுடைக்கும் பிள்ளைகளைக் கண்டபின் அவனால் போக முடியவில்லை.

அச்சுரங்கக் காட்சிகள் மிகை என்பார் உளர். இருக்கலாம். மலையகத்தில் பிறந்த எமக்கு அவை வேறொன்றை நினைப்பூட்டின. இம்மலைகளில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கிய நாளிலிருந்து எத்தனை தலைமுறைச் சிறுவர்கள் பள்ளிக்குப் போகும் வயதில் கூடை சுமந்தனர்! அவர்கள் கால்களில் சங்கிலி இருந்ததில்லை. துண்டும் பற்றுச்சீட்டும் இருந்தன. ஹந்தானையின் தேயிலைச் சரிவை மறைத்து இந்தியக் கிராமம் கட்டிய படக்காரருக்கு, தாம் மறைத்த செடிகளின் கீழே வேறொரு கதை கிடக்கிறது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்போது அந்த மெல்லிய பகுதிக்கே திரும்புகிறோம். ஏனெனில் அங்கே இன்னும் ஒரு காட்சி இருக்கிறது. இரவு. ஊர் உறங்குகிறது. காட்டிலிருந்து ஒரு சிறுவன் தள்ளாடி வருகிறான். தப்பிவந்த ஒரே பிள்ளை. எலும்பும் தோலுமாக இருக்கும் அவன் கதாநாயகனின் கைகளில் விழுந்து, கையில் இறுகப் பற்றியிருந்த ஒரு துணித் துண்டைக் கொடுக்கிறான். அவனுடைய தாய் இருளைக் கிழித்துக்கொண்டு ஓடிவருகிறாள். ஏனைய தாய்மாரும் வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வரவில்லை.

1985இல் அக்காட்சியைக் கண்டபோது எமக்கு அது கதையாக இருந்தது. பின்னர் அவ்வாறு இருக்கவில்லை. 1980களின் இறுதியில் தெற்கிலே சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் காணாமற் போயினர். வடக்கிலும் கிழக்கிலும் 2009 மே மாதத்தில் போர் முடியும்வரை தமிழ்ப் பிள்ளைகள் காணாமற் போயினர். 2016இல் அதற்கெனச் சட்டமியற்றி ஓர் அலுவலகமும் ஏற்படுத்தப்பட்டது. 2017 பெப்பிரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் பந்தலிட்டு, பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்து உட்கார்ந்தனர்; அத்தாய்மாருள் விடை கிடைக்குமுன் கண்மூடியவர் பலர். நமக்கு நாடாவைக் காட்டிய சிங்கள நண்பரின் உறவினர் மகன் ஒருவனும் 1989இல் வீடு திரும்பவில்லை. நெடுநாள் கழித்து இப்படத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அந்தச் சிறுவன் வரும் இடத்தை மட்டும் தம்மால் இனிப் பார்க்க முடியாது என்றார். ஹரிசன் போட் தொங்கும் பாலத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூத்த அன்பருக்கு நாம் கூறும் விடையின் நடுப்பகுதி இதுவே. வேகமான காட்சிகள் அனைத்தும் எம் நினைவில் கலங்கிவிட்டன. சுரங்க வண்டி எத்தனை முறை தண்டவாளத்தை விட்டுக் குதித்தது, பாலத்திலிருந்து எத்தனை பேர் விழுந்தனர் என்பவை மறந்துபோயின. கால்மணி நேரத்துக்கும் குறைவான அந்தக் கிராமப் பகுதி மறக்கவில்லை. படத்தின் இறுதியில் ஊர் பசுமையாக மாறிக் கிடக்க, பிள்ளைகள் எல்லோரும் கூச்சலிட்டு ஓடிவந்து தாய்மாரின் கைகளில் விழுகிறார்கள். கதாநாயகன் கல்லைப் பூசகரின் கையில் கொடுத்துவிடுகிறான். தேடிவந்த புகழைக் கைவிட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கிறான். தொடக்கத்தில் அந்த மெல்லிய பகுதி இல்லாதிருந்தால் இந்த இறுதி வெறும் இனிப்பாகியிருக்கும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த மெல்லிய நடையைப் படம் நெடுநேரம் தாங்கவில்லை. யானைமேல் ஏறியவுடனே பாடகியின் அலறலும் வௌவால்களும் வந்து அதைக் கெடுத்துவிடுகின்றன. அவளை ஓயாது கத்தவைத்ததும், எல்லா மக்களையும் ஒரு வெள்ளையன் வந்தே மீட்கவேண்டும் என்று வைத்ததும் அக்காலத்து ஹொலிவூட்டின் பழைய நோய். ஊரார் தாமே எழுந்து பிள்ளைகளைத் தேடிச் செல்வதாக ஒரு காட்சிகூட இல்லை. கிளிநொச்சித் தாய்மாரைக் கண்ட நமக்கு அது பெருங்குறை.

இன்னொரு செய்தி. கிணறு வற்றிய ஊரைப் பற்றிய கதையை நம் மலையில் எடுத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், விக்டோரியா அணைக்காகத் தெல்தெனியப் பள்ளத்தாக்கின் ஊர்கள் காலிசெய்யப்பட்டுக் கொண்டிருந்தன. 122 மீற்றர் உயரமான அந்த அணையை 1985 ஏப்பிரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சர் வந்து திறந்துவைத்தார். பழைய தெல்தெனியப் பட்டினம் நீருக்குள் சென்றது. கோடையில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் மேலே தெரிவதுண்டு. அவ்வூரிலிருந்து போனவர்கள் அக்காலத்தில் வந்து கரையில் நின்று பார்க்கிறார்கள். அந்த ஊரைப் பற்றி மெல்ல நடக்கும் ஒரு படத்தை நம்மவர் எவரேனும் எடுப்பாராயின், பட்டியலில் அதை முதலாவதாகப் போட நாம் தயார்.

அதுவரை, அடுத்த கூட்டத்தில் நாம் முன்வைக்கப் போவது இதுதான்: படத்தை முழுவதும் காட்ட வேண்டாம். ஓடம் கரைசேரும் இடத்திலிருந்து சிறுவன் திரும்பி வரும் இரவு வரையுள்ள பகுதியை விளக்கணைத்து இடையில் பேச்சின்றிக் காட்டுவோம். அதன்பின் அரண்மனைப் பந்தியை விளக்கைப் போட்டுக் காட்டுவோம். பின்பு பிள்ளைகள் பேசட்டும். மூத்த அன்பரையே அன்று தலைமை தாங்குமாறு வேண்டுகிறோம். அவர் ஒப்புக்கொண்டால் கட்டுகஸ்தோட்டையில் இடமும் திரையும் நம் பொறுப்பு.